கொட்டுப்பட்டவர் எழ வேண்டிய நேரம்

1991ஆம் வருஷம், ஆவணி மாதம். பென்னலூர்க் கோதண்டம் ஒரு நாள் காலையில் வாயில் வேப்பங்குச்சியோடு வீட்டின் பின்பக்கம் போனவன், அங்கே நின்ற ஒற்றைப் பனையை அண்ணாந்து பார்த்தான். அத்தோடு பல் விளக்குவது நின்றுபோயிற்று. பார்வையை எடுக்காமல், முதுகுப்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அது போதாதென்று கதவடியில் ஒரு கோணிப்பையைச் சுருட்டிச் செருகினான்.

“இன்னாய்யா, போலீசு துரத்திக்கினு வருதா?” என்று கேட்டாள் அவன் மனைவி ஞானம்மா.

“கதண்டு. பனையில கூடு கட்டிக்கீது. தவலை சைசுக்கு.”

ஞானம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. கழுத்தில் கை வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கதண்டைத் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். குளவி வம்சத்தில் அது பெரியண்ணன். தேனீ ஒரு தடவை கொட்டிவிட்டு முள்ளையும் விட்டு உயிரையும் விட்டுவிடும். இதற்கு அந்த மாதிரி நாணயமெல்லாம் கிடையாது, ஒரே கொடுக்கால் ஓயாமல் குத்தும். கூட்டமாகக் கிளம்பினால் கட்டியிருக்கும் மாடு கட்டுத்தறியிலேயே சாய்ந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் அதனிடம் பயம்தான். ஆனால் கோதண்டத்தின் பயத்துக்குத் தனிக் காரணம் இருந்தது.

போன ஐப்பசியில் குளிக்கிற தட்டி மறைப்பில் ஒரு சாதாரணக் குளவி ஞானம்மாவின் தோளில் கொட்டியது. மற்றவர்களுக்கு அது சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறந்துவிடுகிற சமாசாரம். ஞானம்மாவுக்குக் கால் மணி நேரத்தில் உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, தொண்டைக்குள் காற்று போகவில்லை. ரோட்டில் போன லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டுப் பிழைக்க வைத்த டாக்டர் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டு, “சில பேர் உடம்புக்கு இந்த விஷம் ஆகாதுப்பா. இன்னொரு தடவை கொட்டினா, இங்க வந்து சேர்றதுக்குள்ளேயே முடிஞ்சிடலாம்,” என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து கோதண்டம் ஓர் ஈ பறந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு நின்றான். புடவையை உதறாமல் ஞானம்மாவைக் கட்ட விட்டதில்லை. அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தவளுக்கு இருபதடி தள்ளி, தவலை அளவுக்குச் சாவு தொங்கிக்கொண்டிருந்தது.

வழி இல்லாமல் இல்லை. மண்ணூரில் கன்னியப்பன் இருந்தான். பனையேறி. நீள மூங்கிலின் நுனியில் தீப்பந்தம் கட்டி, கதண்டெல்லாம் கூட்டுக்குள் அடங்குகிற அந்திநேரம் பார்த்து ஏறிக் கொளுத்திவிடுவான். அவன் வந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இது ஒரு வேலையா? வூட்டுக்காரம்மாவ எங்கனா எதிர்வூட்ல குந்த வச்சுடு,” என்று சொல்லிப் பந்தத்தைப் பற்றவைத்தான்.

உடனே விசில் அடித்தது.

பனைக்குப் பத்தடி தள்ளி ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் டிராக்டருக்கு டீசல் டேங்க் செய்கிற கம்பெனி. கம்பெனியைப் பெரிதாக்கியபோது கோதண்டத்தின் நிலம் முக்கால்வாசி அந்த மதிலுக்குள்தான் போயிருந்தது. அதற்குப் பதிலாக அவனுக்கு அங்கேயே பெயின்ட் ஷாப்பில் டெம்ப்ரவரி ஹெல்பர் வேலை கொடுத்து, ஐந்து வருஷமாகப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதிலை ஒட்டி உள்ளே, பெயின்ட்டில் கலக்குகிற, சட்டென்று தீப்பிடிக்கிற தின்னர் டிரம்கள் அடுக்கியிருந்தன. விசிலடித்த வாட்ச்மேன் மதில்மேல் தலையை நீட்டி, “நூறடிக்குள்ள நெருப்பு கொளுத்தக் கூடாது. கொளுத்தணும்னா சேஃப்டியில கையெழுத்து வாங்கினு வா. இல்லாங்காட்டி கேசு,” என்றான். தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினால் அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்: கம்பெனிக் கடிதம் வேண்டும்.

ஒரு கையெழுத்துதானே என்று நினைத்தான் கோதண்டம். ஐந்து வருஷம் அந்தக் கம்பெனியில் வேலை செய்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை.

சேஃப்டி என்கிற பாதுகாப்புத் துறையின் அதிகாரி பகலவன் அவர்கள், மேலே மின்விசிறி தவிர வேறெதுவும் விழ வாய்ப்பில்லாத அறையில், மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒன்பது கேடயங்கள். கோதண்டம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கொட்டும் பூச்சி! நம்ம கம்பெனியில இதுவரைக்கும் யாரும் கொண்டுவராத அபாயம். உட்காருய்யா.”

அந்த அறையில் தன்னை யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று கோதண்டம் கனவிலும் நினைத்ததில்லை. உட்கார்ந்ததும் அவனுக்கு இன்னும் பயமாகப் போயிற்று.

பகலவன் ஒரு படிவத்தை எடுத்தார். அது இயந்திர விபத்துக்கான படிவம். பூச்சிக்கென்று தனிப் படிவம் அச்சடிக்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், ‘இயந்திரம்’ என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துப் ‘பூச்சி’ என்று எழுதிக்கொண்டார்.

“பூச்சி நிறுவப்பட்ட தேதி?”

“நேத்து காலைலதான் சார் பார்த்தேன்.”

“நிறுவப்பட்டது நேற்று. குதிரைத்திறன்?”

“தெரியல சார். வெரலு நீளம் இருக்கும்.”

“ஒரு விரல். கடைசியா எண்ணெய் போட்டது? அதை விட்டுடலாம். பாதுகாப்புக் கூண்டு பொருத்தியிருக்கா?”

“இல்ல சார். அதான் சார் பயமா கீது.”

“ஆபரேட்டர் பெயர்?”

“சார், அது கதண்டு சார். எம் பொண்டாட்டிக்கு ஒரு கொட்டு பட்டா உசுரு போயிடும்னு டாக்டர் சொல்லிக்கீறார். பந்தம் கொளுத்த ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குட்த்தீங்கன்னா…”

பகலவன் பேனாவை மூடினார். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கோதண்டம், அபாயத்தைப் பார்த்ததும் அகற்றணும்னு துடிக்கிறது பாமரத்தனம். முதல்ல அறியணும், அப்புறம் மதிப்பிடணும், அப்புறம் பயிற்சி எடுக்கணும், அப்புறம் ஆவணப்படுத்தணும். கடைசியாத்தான் அகற்றணும். இந்தத் துறை ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நாங்க ஒரு அபாயத்தைக்கூட அவசரப்பட்டு அகற்றினதில்லை. இந்தக் கேடயமெல்லாம் சும்மாவா வந்தது?”

பிறகு ஒரு கணக்கு போட்டார். வீட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள தூரம், ஞானம்மாவின் வயது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி நிமிர்ந்தார்.

“உன் சம்சாரத்துக்குத் தொண்ணூத்தெட்டு மார்க்! இவ்வளவு அபாயத்துல இருக்கிற நபர் இந்த வட்டாரத்துலயே இருக்க முடியாது.” கையை நீட்டிக் குலுக்கினார்.

கோதண்டம் கையெழுத்து இல்லாமல் ஒரு புத்தகத்தோடு வீடு திரும்பினான். சைக்ளோஸ்டைல் செய்து பின் அடித்த பத்துப் பக்கப் புத்தகம். ‘வீட்டிலும் தோட்டத்திலும் கொட்டும் பூச்சிகள்: அறிவோம், அஞ்சோம்’ என்பது தலைப்பு. அடுப்பு வெளிச்சத்தில் அதை எழுத்துக்கூட்டி ஞானம்மாவுக்குப் படித்துக் காட்டினான். கூடு இருக்கும் இடத்துக்கு அருகே சத்தம் செய்யாதீர். மரத்தை அதிரச் செய்யாதீர். பளிச்சென்ற உடை, பூ, வாசனைத் திரவியம் தவிர்ப்பீர். கைகளை வீசாதீர். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வீர்.

ஒன்றும் சொல்வதற்கில்லை, நல்ல புத்தகம். அதை எழுதினவர் எங்கேயோ ஒரு பூச்சியையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். பகலவன் அதைப் பிரதி எடுத்ததோடு சரி.

அடுத்த வாரம் கம்பெனியில் ‘கொட்டும் பூச்சி விழிப்புணர்வுத் திங்கள்’ தொடங்கியது. காலை ஷிப்டுக்கு முன்னால் அறுநூறு பேரும் வரிசையில் நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். “கொட்டும் பூச்சியை நான் அறிவேன். அதன் வழியில் குறுக்கிடேன். அது கொட்டினும் உற்பத்தி குன்ற விடேன்.” பெயின்ட் ஷாப் வரிசையில் நின்ற கோதண்டத்துக்கு இதில் எந்த வரியும் கதண்டின் காதில் விழப்போவதில்லை என்று தோன்றியது. ஆனாலும் எல்லாரையும்விட உரக்கச் சொன்னான். உரக்கச் சொன்னால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்குமோ என்கிற நப்பாசைதான்.

கூடு இதற்குள் தவலையிலிருந்து அண்டாவாகியிருந்தது.

ஞானம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஜன்னலுக்குச் சாக்கு. ஓட்டு இடுக்குக்கெல்லாம் பழந்துணி. படப்பையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு அனுப்பிவிடலாமென்றால் அங்கே ஒற்றை அறை, மாமியார், நாத்தனார்கள். “நா எங்கியும் போவல. எத்தினி நாளைக்கு அடுத்தவங்க வூட்ல குந்திக்கினு இருக்கிறது?” என்று சொல்லிவிட்டாள். பட்டப்பகலில் அந்த இருட்டுக்குள் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கோதண்டம் போய் ஜன்னல் சாக்கை இன்னொரு தடவை இழுத்துச் செருகினான். வேலையில் இருக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டால் போதும், கையிலிருந்த பிரஷ் நழுவிவிடும்.

அப்புறம் போர்டு வந்தது. ‘எச்சரிக்கை! கொட்டும் பூச்சிகள் பணியில் உள்ளன’ என்று சிவப்பில் எழுதிய மூன்றடித் தகரப் பலகை. அதைப் பனையில் அடிக்க இரண்டு பேர் சுத்தியலும் ஆணியுமாக வந்தார்கள்.

“மரத்த அதிர வைக்கக் கூடாதுன்னு பொஸ்தவத்துல போட்டுக்கீது,” என்று கோதண்டம் கெஞ்சினான்.

“போர்டு அடிக்கச் சொல்லித்தான் எங்ளுக்கு ஆர்டர். பொஸ்தவம் வேற செக்ஷன்,” என்று சொல்லிவிட்டு முதல் அடியைப் போட்டார்கள்.

டங். மரம் அதிர்ந்தது. மேலே ஓர் இரைச்சல் கிளம்பியது. டங். இரைச்சல் வட்டமாகச் சுற்றிக் கீழே இறங்கியது. அந்த இருவரும் சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டு எடுத்த ஓட்டம் மண்ணூர் ரோட்டில்தான் நின்றது. கோதண்டம் வீட்டுக்குள் பாய்ந்து, ஞானம்மாவைச் சுவரோரம் தள்ளி, கம்பளியால் மூடி, அவள்மேல் தன் உடம்பைக் கவிழ்த்துக்கொண்டான். ஓட்டுக்கு மேலே அவை முட்டி முட்டித் திரும்புகிற சத்தம் கேட்டது. கம்பளிக்குள் ஞானம்மா மூச்சுவிடுகிறாளா என்று ஒவ்வொரு நொடியும் காது கொடுத்துக் கேட்டான். அவள் உடம்பு நடுங்கியது. தன் உடம்பும் நடுங்கியதால் எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரைச்சல் அடங்கியபோது அவன் வேட்டி நனைந்திருந்தது. அதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

போர்டு ஒற்றை ஆணியில் தலைகீழாகத் தொங்கியது. பகலவன் மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பைனாகுலரில் பார்த்து, ‘எச்சரிக்கைப் பலகை நிறுவப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

புரட்டாசி பிறந்ததும் பகலவனே கோதண்டத்தைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை காபியும் வந்தது. கோதண்டம் டம்ளரைத் தொடவில்லை.

பம்பாயிலிருந்து பாதுகாப்பு விருதுக் குழு வரப்போகிறதாம். பத்தாவது கேடயம். அவர்கள் முன்னால் ஓர் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். கூடு இருக்கும் இடத்திலேயே, உண்மைக் குடும்பத்தை வைத்து.

“ஒத்திகை முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே நெருப்புக்குக் கையெழுத்து. இது என் வாக்கு. உன் சம்சாரம்தான் கொட்டுப்பட்டவர்.”

“சார்! வேற யாரையாவது படுக்க வைங்க சார். நானே படுத்துக்கிறேன் சார்.”

“உனக்கு என்ன மார்க்? பதினொண்ணு. அவங்க தொண்ணூத்தெட்டு. தகுதி அடிப்படையில ஒரு பெண்மணிக்குக் கிடைச்ச வாய்ப்பை நீ பறிக்கப் பார்க்கிறே. அதுவுமில்லாம, குடும்பப் பங்கேற்புக்குத் தனியாப் பத்து மார்க் இருக்கு.”

“நெஜமாவே கொட்டிட்டா?”

பகலவன் உண்மையாகவே புண்பட்டுப் போனார். “இது ஒத்திகைய்யா. ஒத்திகையில விபத்து நடக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு.”

கோதண்டம் வீட்டுக்கு வந்து, முடியாது என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். வேலை போனால் போகட்டும் என்று சொன்னபோது குரல் கீச்சிட்டது. ஞானம்மா இருட்டுக்குள்ளிருந்து பேசினாள்.

“ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு நா வெயிலப் பாத்து. பத்து நிமிசம் படுத்து எந்திரிச்சா கூடு போயிடும்னா, படுத்து எந்திரிக்கிறேன். கம்முனு இரு.”

ஒத்திகை நாள் செவ்வாய்க்கிழமை. கோதண்டத்தின் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டார்கள். மைக் கட்டினார்கள். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். 11.00 சங்கு. 11.02 கொட்டுப்பட்டவர் அலறி விழுதல். 11.04 உறவினர் அழுதல். 11.06 வேனில் ஏற்றிக் கம்பெனி முதலுதவி அறைக்குக் கொண்டுசென்று திரும்புதல். 11.12 கொட்டுப்பட்டவர் எழுந்து நன்றி கூறுதல். போட்டோவில் தெரிய வேண்டுமென்று ஞானம்மாவுக்குப் பளபளவென்று மஞ்சள் புடவை கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டார்கள். பம்பாய்க்காரர்கள் வந்து இறங்கியதும் எல்லார்மேலும் பன்னீர் தெளித்தார்கள். கொட்டுப்பட்டவர்மேல் இரண்டு கை அதிகமாகவே தெளித்தார்கள். புத்தகத்தின் பத்துப் பக்கமும் கோதண்டத்துக்கு மனப்பாடம். ஒவ்வொரு பக்கமாக அவன் கண்ணெதிரே கிழிந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பகலவன் மைக்கைப் பிடித்தார். “பெரியோர்களே! அபாயம் இல்லாத இடத்தில் பாதுகாப்பு எப்படி வளரும்? இந்தக் கூட்டை நாங்கள் ஐம்பது நாள் பாதுகாத்து வந்திருக்கிறோம். ஒரு பூச்சிக்குக்கூட ஆபத்து வரவில்லை!” கைதட்டினார்கள்.

சரியாகப் பதினொன்றுக்குக் கம்பெனிச் சங்கு அலறியது. பனையுச்சியில் இரைச்சல் எழுந்தது. கரும்புள்ளிகள் கூட்டிலிருந்து உதிர்ந்து வட்டமடித்தன. “பாருங்கள், பூச்சிகளும் ஒத்துழைக்கின்றன,” என்றார் பகலவன்.

மற்றவை உச்சியிலேயே சுற்ற, கோதண்டம் துண்டை வீசுவதற்குள் ஒன்று மட்டும் இறங்கிவிட்டது. மல்லிகையைச் சுற்றியது. ஞானம்மா அசையாமல் நின்றாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அது அவள் பிடரியில் உட்கார்ந்து கொட்டிவிட்டுப் போயிற்று.

அவள் அலறி விழுந்தாள். மணி 11.01.

“ஒரு நிமிஷம் முன்னாடி,” என்று பகலவன் ஸ்டாப்வாட்சைப் பார்த்து முணுமுணுத்தார். “பரவாயில்லை. ரொம்ப இயற்கையா இருக்கு.” முன்வரிசை கைதட்டியது.

“கொட்டிடுச்சு! நெஜமா கொட்டிடுச்சு சார்!” கோதண்டம் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். உதடு அதற்குள் தடிக்க ஆரம்பித்திருந்தது. “மூச்சு… மூச்சு…” என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உறவினர் அழறது 11.04க்குத்தான். நீ சீக்கிரம் ஆரம்பிச்சுட்டே,” என்று பகலவன் காதோரம் வந்து கடிந்துகொண்டார்.

பம்பாய்க்காரர்களில் ஒருவர் ஏதோ எழுதினார். இன்னொருவர் குனிந்து ஞானம்மாவின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்து, மேக்கப் யார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். கோதண்டம் அவர் காலில் விழுந்தான். அவர் நெகிழ்ந்துபோய் அவனைத் தட்டிக்கொடுத்தார். எத்தனை பேர்! ஐம்பது அறுபது பேர் சுற்றி நிற்கிறார்கள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் அவள் சாகிறாள் என்பது தெரியவில்லை. கோதண்டத்துக்குக் கதண்டிடம்கூட அவ்வளவு பயம் வந்ததில்லை.

11.06க்கு ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மெட்டடார் வேன் வந்து நின்றது. அவளைத் தூக்கிக் கிடத்தினார்கள். கோதண்டம் கூடவே ஏறினான். வேன் ஓட்டியது நாகப்பன். பென்னலூர்க்காரன்தான், போன ஐப்பசியில் ஞானம்மா கிடந்த கிடப்பைப் பார்த்தவன். ரோட்டு முனையில் கம்பெனி கேட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், பின்னால் கேட்ட மூச்சின் இழுப்பு அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“அண்ணே! இது நடிப்பில்லியே!”

“நடிப்பில்லடா! ஆஸ்பத்திரிக்குப் போடா நாகப்பா!”

நாகப்பன் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். வேன் ஸ்ரீபெரும்புதூரை நோக்கிப் பறந்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தியது. பில்லியனில் பகலவன். ஹெல்மெட்டும் ஸ்டாப்வாட்சுமாக, “ரூட்டு தப்பு! ரூட்டு தப்பு! 11.12க்கு எழுந்திருக்கணும்!” என்று கத்திக்கொண்டே வந்தவர், ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டதால் நின்றுபோனார்.

ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். கோதண்டம் வராண்டாத் தரையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் தெரிந்த அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் அசைகிறதா, அசையவில்லையா? சாயங்காலம் நாலு மணிக்கு அசைந்தது. டாக்டர் வெளியே வந்து, “இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது,” என்றார். கோதண்டம் வாய்விட்டு அழுதான். இந்தத் தடவை அவனுக்கு யாரும் நேரம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு எப்படிப் போவது? கூடு அங்கேயேதான் இருந்தது. “நேரா கம்பெனிக்குக் கூட்டினு போ. கையெழுத்து வாங்கிக்கினே போலாம்,” என்றாள் ஞானம்மா. முகம் இன்னும் வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள்.

பகலவன் சோகமாக இருந்தார்.

“தொண்ணூத்திரண்டு மார்க்தான் போட்டாங்க. எட்டு மார்க் போச்சு. ஏன் தெரியுமா? கொட்டுப்பட்டவர் எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாவது கட்டம் காலியா இருக்கு.” அறிக்கையைத் திருப்பிக் காட்டினார்.

கோதண்டம் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான். பகலவன் அதைத் தொடாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அதை உள்ளே வை. அதை நான் பார்க்கவே இல்லை. ஒத்திகையில விபத்து நடக்காது. நடக்காததுக்கு எப்படிச் சீட்டு கொடுத்தாங்க? ஒத்திகை முடியலைன்னா நான் கையெழுத்து போட முடியாது. கார்த்திகையில இன்னொரு தேதி பார்த்து மீதியை முடிச்சுடலாம். அம்மாவே வரணும், பேரை டைப் பண்ணியாச்சு.”

கார்த்திகை! இன்னும் இரண்டு மாசம். கோதண்டம் சீட்டை மறுபடியும் மேஜைமேல் வைத்தான்.

ஞானம்மா சுவரை விட்டு நகர்ந்தாள். பகலவனுடைய மேஜைக்கு முன்னால், சிமென்ட் தரையில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெல்லப் படுத்தாள். டைப்பிஸ்ட் எழுந்து நின்றுவிட்டார். வாசலில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு மேஜைக் காலைப் பிடித்து ஒருக்களித்து, முழங்காலில் ஊன்றி, மூச்சு வாங்க வாங்க எழுந்து நின்றாள். கோதண்டம் தாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். அந்த நிரலில் அவளுக்கென்று எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தை, கும்பிட்டபடி, வீங்கிய உதட்டால் சொன்னாள்.

“என் உயிரைக் காப்பாற்றிய கம்பெனிக்கு நன்றி.” பிறகு கையைக் கீழே போட்டாள். “முடிஞ்சிச்சா? போடு கையெழுத்த.”

பகலவன் அவளைப் பார்த்தார், கேடயங்களைப் பார்த்தார், காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். கட்டம் காலியாக இருப்பதை அவரால் தாங்க முடியாது. அதுதான் அவருடைய சுபாவம். பேனாவைத் திறந்தார். ‘எழுந்தார். எடுத்துக்கொண்ட நேரம்: இரண்டு நாள், இருபத்து மூன்று மணி, நாற்பது நிமிடம்’ என்று நிரப்பினார். நெருப்பு அனுமதியில் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். கொடுக்கும்போது அவர் குரலில் உண்மையான ஒரு கனிவு இருந்தது.

“குறிப்புல மட்டும் ‘எழுவதில் தாமதம்’னு போட்டிருக்கேன். தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்.”

ஞானம்மா காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அடுத்த தபா நீ படு சார்,” என்றாள்.

கோதண்டத்துக்கு ஐந்து வருஷ வேலையும் அந்த ஒரு வரியில் போய்விட்டது போலிருந்தது. பயத்தோடு பகலவனைப் பார்த்தான். அவர் வாயைத் திறந்து, எந்தப் படிவத்தில் இதற்குப் பதில் இருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தார். இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அன்று அந்தியில் ஞானம்மாவை எதிர்வீட்டில் கோதண்டம் உட்கார வைத்ததும், கன்னியப்பன் பந்தத்தோடு பனையேறினான். கூடு எரிந்து முடியக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.